அந்தச் சிம்பன்சி சிரிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு வெளியீட்டின் சிறுவர் பகுதியில், விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுடன் சேர்ந்திருந்து பார்க்கத்தக்கவை எனப் பரிந்துரைக்கப்பட்ட படங்களுள் ஒன்றை, வெள்ளவத்தையில் உள்ள எமது வீட்டில் ஒன்பது வயதுப் பேத்தியுடன் அமர்ந்து அண்மையில் பார்த்தேன். ஐக்கிய அமெரிக்காவின் விண்வெளித் திட்டம் தொடங்கிய காலத்தைப் பின்னணியாகக் கொண்ட அந்தக் குடும்பப் படத்தில், தாயை இழந்த சிறுவன் ஒருவன், ரொக்கெட்டில் ஏற்றி அனுப்புவதற்காகப் பழக்கப்படும் சிம்பன்சி ஒன்றுடன் உயிருக்குயிரான நட்புக் கொள்கிறான். சிம்பன்சி விண்ணுக்குப் போகிறது, திரும்பி வருகிறது, சிறுவனைக் கட்டிப்பிடிக்கிறது, படம் முடிகிறது. படத்தின் பெயரை நான் வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. நான் சொல்ல வந்தது ஒரு படத்தின் குறை அன்று. பிள்ளையையும் விண்வெளிக்குப் போன விலங்கையும் சேர்த்துக் கதை பண்ணும் படங்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மறைப்பு.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தது. தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் கிடந்த மௌனத்தை ஒரு விலங்கு கலைக்கும் காட்சிகளில் என் பேத்தி அழுதாள்; நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சண்டையும் இரத்தமும் இல்லாத ஒரு படத்தைத் தேடித் தந்தமைக்காக உங்கள் பகுதியில் எழுதியவருக்கு நன்றியும் சொல்ல வேண்டும். ஆகவே இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்று கேட்பதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை.

விண்கலம் கடலில் இறங்கி, மூடி திறக்கப்பட்டு, சிம்பன்சியின் முகம் அண்மைக் காட்சியில் வந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் முழுதாகத் தெரிய அது வாயை அகல இழுத்தது. பின்னணியில் மகிழ்ச்சியான இசை. "அம்மம்மா, அது சிரிக்குதோ?" என்று பேத்தி கேட்டாள். "ஓம், சிரிக்குது" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான்; அது சிரிப்பன்று என்பது எனக்குத் தெரியும்; இருந்தும் அந்த இசையோடு சேர்ந்து நானும் பொய் சொல்லிவிட்டேன். அன்றிரவு அது நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்ததே இக்கடிதம் எழுதக் காரணம்.

சிம்பன்சிகள் விளையாட்டின்போது மகிழ்ச்சியாக இருந்தால் வாயைத் தளர்வாகத் திறக்கும். அப்போது மேலுதடு பெரும்பாலும் மேற்பற்களை மூடியிருக்கும். உதடுகளைப் பின்னுக்கு இழுத்து இரு வரிசைப் பற்களையும் காட்டுவது அச்சத்தின் முகம். விண்வெளிக்குச் சென்று திரும்பிய முதற் சிம்பன்சியான ஹாமின் படங்கள் 1961 இல் உலகெங்கும் பத்திரிகைகளில் அச்சாகின. அவற்றில் அது பல்லைக் காட்டும் படத்தை, பயணத்தை இரசித்துவிட்டுச் சிரிக்கும் குரங்கு என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். தன் வாழ்நாளைச் சிம்பன்சிகளைக் கவனிப்பதிலேயே கழித்த ஜேன் குடால் அம்மையார் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, ஒரு சிம்பன்சியின் முகத்தில் தான் கண்ட மிகக் கடுமையான அச்சம் அதுவே என்று கூறினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்த அச்ச முகத்தையே சிரிப்பென்று காட்டி நம் பிள்ளைகளைக் கைதட்ட வைக்கும் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

ஹாமின் வரலாற்றை இங்கே சிறிது விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். படங்களில் வரும் சிம்பன்சிகள் பெரும்பாலும் அதன் நிழல்களே. அது 1957 இல் அன்றைய பிரெஞ்சுக் கமரூனில் பிறந்தது. காட்டில் பிடிபட்டு, மியாமியிலிருந்த ஒரு பறவைப் பண்ணையின் கைக்கு வந்து, 1959 இல் ஐக்கிய அமெரிக்க விமானப்படையால் 457 டொலருக்கு வாங்கப்பட்டது. காட்டில் குட்டிச் சிம்பன்சியைப் பிடிப்பதென்றால் அந்நாட்களில் பெரும்பாலும் தாயைக் கொன்றுதான் பிடிப்பார்கள், ஏனெனில் உயிருள்ளவரை தாய் குட்டியை விடாது. நான் பார்த்த படத்தில் சிறுவனின் தாயிழப்பு எத்தனையோ காட்சிகளில் பேசப்படுகிறது. சிம்பன்சிக்கும் ஒரு தாய் இருந்திருக்கும் என்பது ஒரு வசனத்தில்கூட வரவில்லை. தாயில்லாப் பிள்ளைகள் இருவர் அந்தக் கதையில் இருக்கிறார்கள். எடுத்தவர்களுக்கு ஒருவனை மட்டுமே தெரிந்திருக்கிறது.

நியூ மெக்சிக்கோவில் உள்ள ஹொலமன் விமானப்படைத் தளத்தில் அதற்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. நீல விளக்கு எரிந்து ஐந்து செக்கனுக்குள் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். சரியாகத் தள்ளினால் வாழைப்பழச் சுவையுள்ள வில்லை ஒன்று கிடைக்கும். தவறினால் உள்ளங்காலில் மின்னதிர்ச்சி. படத்தில் சிறுவன் விளையாட்டாக இந்த நெம்புகோல் வித்தையைச் சொல்லிக்கொடுப்பதும் சிம்பன்சி பழத்துக்காகக் குதிப்பதும் வருகின்றன. காலடியில் வைத்த தகடு மட்டும் வரவில்லை. பறப்புக்கு முன்னர் அதற்கு அதிகாரபூர்வமாகப் பெயரும் கிடையாது, அது இலக்கம் 65 மட்டுமே. பெயருள்ள விலங்கொன்று இறந்துபோனால் மக்கள் மனம் கலங்குவார்கள் என்று அஞ்சி, உயிரோடு திரும்பிய பிறகே ஹாம் என்ற பெயரை வெளியிட்டார்கள். அந்தப் பெயரும் அதைப் பழக்கிய ஹொலமன் விண்வெளி மருத்துவ நிலையத்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்ததே. இதில் நான் யாரையும் கொடியவர் என்று சொல்ல வரவில்லை. அதைப் பழக்கிய படையினர் அதன்மீது உண்மையாகவே அன்பு வைத்திருந்தார்கள், தூக்கி வைத்துக் குழந்தையைப் போலக் கொஞ்சினார்கள். அன்பு வைத்தவர்களே கதிரையில் வைத்துக் கட்டியும் விட்டார்கள். ஒரு நல்ல கதைக்கு வேண்டிய கருவே அங்குதான் இருக்கிறது. குடும்பப் படங்கள் அதைத் தொடுவதில்லை.

1961 ஜனவரி 31 ஆம் திகதி, மூன்று வயதும் சில மாதங்களுமான ஹாம் புளோரிடாவின் கேப் கனாவரலில் இருந்து ஏவப்பட்டது. ரொக்கெட் திட்டமிட்டதற்கு மேல் உந்தியதால், 185 கிலோமீற்றர் உயரம் போக வேண்டிய கலம் 253 கிலோமீற்றர் உயரம் போனது. மணிக்கு 7,000 கிலோமீற்றர் அளவாக இருக்க வேண்டிய வேகம் 9,400 ஐத் தாண்டியது. திரும்பி இறங்குகையில் தன் எடையைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு அழுத்தம் அந்தச் சிறு உடலின் மேல் விழுந்தது. அப்படியிருந்தும் அது விளக்குக்கு நெம்புகோலைத் தள்ளியபடியே இருந்தது. தரையில் செய்ததைவிடச் செக்கனின் ஒரு சிறு பகுதிதான் தாமதம். பதினாறரை நிமிடப் பயணத்தின் பின் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி அத்திலாந்திக் கடலில் விழுந்த கலத்துக்குள் நீர் புகுந்தது. ஹெலிகொப்டர் வந்து தூக்கும்வரை இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் அது அலையில் ஆடிக்கொண்டு கிடந்தது. கப்பலில் கொடுத்த அப்பிளையும் பாதித் தோடம்பழத்தையும் ஹாம் வாங்கி உண்டது என்பது எல்லோருக்கும் பிடித்த செய்தி. பின்னர் கேப் கனாவரலில் பத்திரிகையாளரின் கமராக்கள் மின்னியபோது அது மிரண்டு பல்லைக் காட்டியதும், படமெடுப்பதற்காகப் பயிற்சிக் கலத்தின் அருகே கொண்டுபோனபோது கிட்டப் போகவே மறுத்ததும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பேசத் தெரியாத ஒரு பயணி இதைவிடத் தெளிவாகத் தன் கருத்தைச் சொல்ல முடியுமா?

வரலாற்றில் அதன் பங்கு சிறியதன்று. எடையற்ற நிலையிலும் கைகால் இயக்கி வேலை செய்ய முடியும் என்பதை அது செய்து காட்டியது. அதன் பறப்பில் ரொக்கெட் காட்டிய கோளாறினாலேயே, மனிதரை ஏற்றும் முன் மேலும் ஒரு வெற்றுப் பரிசோதனை வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த இடைவெளியில் ஏப்ரல் 12 ஆம் திகதி சோவியத் ஒன்றியத்தின் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவிட்டார். ஐக்கிய அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரரான அலன் ஷெப்பர்ட் போனது மே 5 ஆம் திகதிதான். அதே ஆண்டு டிசம்பரில் ககாரின் கொழும்புக்கு வந்தபோது வீதியோரத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்த கதையை, அக்காலத்தில் இங்கே எழுதுவினைஞராக இருந்த என் மாமனார் பல தடவை சொல்லியிருக்கிறார். மனிதருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டோம், அது சரிதான். அவருக்கு முன் போன விலங்குகளைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எவரும் பேசியதாக மாமனார் சொன்னதில்லை.

திரும்பி வந்த ஹாமுக்கு என்ன நடந்தது என்பதையே என் பேத்தி மறுநாள் கேட்டாள். 1963 இல் வாஷிங்டனின் தேசிய மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்ட அது, 1980 வரை பதினேழு ஆண்டுகள் தன்னினத் துணையின்றித் தனியாக வைக்கப்பட்டிருந்தது. சிம்பன்சி கூட்டமாக வாழும் விலங்கு. ஒன்றின் உடலில் ஒன்று பேன் பார்த்தும், சண்டை பிடித்துச் சமாதானம் ஆகியும் நாளைக் கழிப்பது. பின்னர் வட கரோலினாவின் மிருகக்காட்சிச்சாலையில் மற்றச் சிம்பன்சிகளோடு சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1983 ஜனவரியில் இறந்தது. இறந்த பிறகு உடலைப் பாடம் செய்து காட்சிக்கு வைக்கும் யோசனைகூட எழுந்தது. மக்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டு, எலும்புக்கூடு ஓர் அருங்காட்சியகத்துக்கும் எஞ்சியது நியூ மெக்சிக்கோவில் ஒரு கல்லறைக்கும் போயின. சிறுவனைக் கட்டிப்பிடிப்பதோடு நின்றுவிடும் படம், இந்தப் பதினேழு ஆண்டுகளை அப்படியே விழுங்கிவிடுகிறது.

ஹாமுக்குப் பின் 1961 நவம்பர் 29 ஆம் திகதி பூமியை இரண்டு முறை சுற்றிய ஈனொஸ் என்ற சிம்பன்சியின் கதை இன்னும் கசப்பானது. கருவி பழுதானதால், சரியாகச் செய்தபோதும் அதற்கு மின்னதிர்ச்சி விழுந்தது. அது தண்டனையைத் தாங்கிக்கொண்டு கற்றபடியே செய்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே வயிற்றுளைவு கண்டு இறந்தது. படை வைத்திருந்த சிம்பன்சிகளில் பல பின்னாளில் மருத்துவ ஆய்வுகூடங்களுக்குக் கைமாறின. அவற்றில் ஒரு தொகுதி, கரோல் நூன் என்ற பெண்மணி வழக்காடியதன் பயனாக, 2001 இல்தான் புளோரிடாவின் திறந்த வெளியில் புல்லை மிதித்தது.

இனி, பிள்ளைகள் உண்மையாகவே இடம்பெற்ற இரண்டு கதைகளைச் சொல்கிறேன். படம் எடுப்போர் கற்பனை செய்யவே தேவையில்லாத கதைகள் அவை.

லைக்கா என்பது மொஸ்கோ நகரத் தெருவில் திரிந்த கட்டாக்காலி நாய். அதைத் தெருவிலிருந்து எடுத்த காரணமே, குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியது என்பதுதான். ஒக்டோபர் புரட்சியின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்கு முன் ஏவிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கட்டப்பட்ட ஸ்புட்னிக் 2 கலத்தில், திரும்பி வருவதற்கான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. போகிற நாய் போனதுதான் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஏவுவதற்குச் சில நாட்களின் முன், அத்திட்டத்தின் மருத்துவரான விளாடிமிர் யஸ்டோவ்ஸ்கி நாயைத் தம் வீட்டுக்குக் கூட்டிச்சென்று தம் பிள்ளைகளுடன் விளையாட விட்டார். அது உயிரோடிருக்கப் போகும் காலம் மிகக் குறைவு என்பதால் அதற்கு ஏதாவது நல்லது செய்ய விரும்பியதாகப் பின்னாளில் எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று என்ன சொல்லப்பட்டிருக்கும் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. 1957 நவம்பர் 3 ஆம் திகதி லைக்கா ஏவப்பட்டது. பல நாட்கள் உயிரோடிருந்து நோவின்றி இறந்தது என்றே உலகுக்குச் சொல்லப்பட்டது. கலம் அளவுக்கு மீறிச் சூடேறியதால் சில மணித்தியாலங்களிலேயே அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002 இல்தான் வெளியானது. லைக்காவைத் தெரிவு செய்து பழக்கியவர்களில் ஒருவரான ஒலெக் கஸென்கோ, ஒரு நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அந்தப் பயணத்திலிருந்து தாங்கள் எதையும் கற்கவில்லை என்று 1998 இல் வெளிப்படையாகவே வருந்தினார்.

மற்றது மகிழ்ச்சியான கதை. 1960 ஓகஸ்ட்டில் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பிய பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரு நாய்களில் ஸ்ட்ரெல்கா பின்னர் ஆறு குட்டிகள் ஈன்றது. அவற்றில் புஷிங்கா என்ற குட்டியை 1961 இல் சோவியத் தலைவர் குருஷேவ், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகள் கரோலினுக்குப் பரிசாக அனுப்பினார். லைக்கா போன அதே மாதத்தில் பிறந்த குழந்தை அவள்; அப்போது வயது மூன்று. உடம்பில் ஒட்டுக்கேட்கும் கருவி ஏதும் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சோதித்த பிறகே நாய்க்குட்டியை வெள்ளை மாளிகைக்குள் விட்டார்கள் என்பது சிரிப்புக்கிடமான செய்தி. வளர்ந்த பிறகு அங்கிருந்த சார்லி என்ற நாயோடு கூடி அது நான்கு குட்டிகள் போட்டது. இந்த ஒரு கதையைப் படமாக எடுத்தால் எவரும் பொய் சொல்ல வேண்டியிராது.

"பிள்ளைகளுக்கு இவ்வளவையும் சொல்ல வேண்டுமா, பாவம் பிஞ்சு மனசு" என்று என் மகள் என்னைக் கண்டித்தாள். வாசகர்கள் பலரும் அதையே கேட்பீர்கள். அதற்கு என் சிறு வயதில் வடமராட்சியில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைத்தான் விடையாகச் சொல்ல முடியும். எங்கள் ஊர் வைரவர் கோயிலில் அக்காலத்தில் கடா வெட்டிப் பலி கொடுக்கும் வேள்வி நடக்கும். அதற்கென நேர்ந்துவிட்ட கடாக் குட்டி ஒன்றை வளர்க்கும் பொறுப்பு ஒரு வருடம் என் அண்ணாவின் தலையில் விழுந்தது. அண்ணாவுக்குப் பத்து வயது. பலா இலை குத்திக்கொண்டு வருவதும், பிண்ணாக்குக் கரைத்து வைப்பதும், மழைக்குக் கொட்டிலுக்குள் இழுத்துக் கட்டுவதும் அவர்தான். பாடசாலை விட்டு வரும் அண்ணாவின் சைக்கிள் மணிச் சத்தத்துக்கு அந்தக் கடா கத்தும். வேறு சைக்கிளுக்குக் கத்தாது. ஆனால் குட்டியைக் கொண்டுவந்து கட்டிய முதல் நாளே எங்கள் அப்பு அண்ணாவைக் கூப்பிட்டு, "இது அவருக்கு நேர்ந்தது. நீ பாக்கிறது மட்டுந்தான். போற நாள் வரும், அண்டைக்கு அழக்கூடாது எண்டு சொல்ல மாட்டன், ஆனா தெரிஞ்சுகொண்டு வளர்" என்று சொல்லிவிட்டார். போகும் நாள் வந்தபோது அண்ணா அழுதார். கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு கோயில் வாசல்வரை போனார். அதன் பின் அவர் இறைச்சி தொட்டதே இல்லை. வேள்வியை நான் நியாயப்படுத்தவில்லை. அது நின்றுபோனது நல்லதென்றே நினைப்பவள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பு ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் காட்டிய மரியாதையைக் கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கப்படும் குடும்பப் படங்கள் காட்டுவதில்லை. வளர்ப்பதும் கொடுப்பதும் ஒரே கையால் நடந்தது என்று அப்பு சொன்னார். படமோ வளர்த்ததை மட்டும் காட்டிவிட்டு, கொடுத்ததற்கு வாணவேடிக்கை விடுகிறது.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதில் தமிழில் எழுதுகின்ற நாம் எல்லோருமே குற்றவாளிகள். லைக்கா பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் "மனித குலத்துக்காக உயிர்த்தியாகம் செய்த நாய்" என்ற தொடரை எத்தனை முறை வாசித்திருப்போம்! தியாகம் என்பது தன்னிடம் உள்ளதைத் தானே அறிந்து, தானே விரும்பிக் கொடுப்பது. கொடுக்கப்படுவதற்கு நம் மொழியில் வேறு சொல் இருக்கிறது, அது பலி. கடாவைத் தியாகி என்று எங்கள் ஊரில் எவரும் சொன்னதில்லை. நான் பார்த்த படத்தின் தமிழ் ஒலிப்பதிவில் சிம்பன்சியை முழுக்க முழுக்க "அவன்" என்றும் "எங்கள் வீரன்" என்றும் அழைக்கிறார்கள். விலங்கை உயர்திணைக்கு ஏற்றியதில் எனக்கு மறுப்பில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் உயர்திணையில் ஏற்றிவிட்டால் அவனிடம் சம்மதம் கேட்க வேண்டி வரும். கேட்காமல் கட்டி அனுப்பியதற்குப் பதிலும் சொல்ல வேண்டி வரும். மரியாதைக்கு உயர்திணையும் வசதிக்கு அஃறிணையும் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் உண்டு. படத்தில் நடிக்கும் சிம்பன்சியும் ஒரு சிம்பன்சிதான். இத்தகைய பழைய படங்களில் நடிப்பவை பெரும்பாலும் குட்டிகள்; வளர்ந்த சிம்பன்சியின் பலத்துக்கும் கோபத்துக்கும் மனிதர் ஈடுகொடுக்க முடியாது என்பதால், தாயிடமிருந்து இளமையிலேயே பிரித்துப் பழக்கி, வளர்ந்ததும் திரையிலிருந்து அகற்றிவிடுவார்கள். ஆகவே திரையில் நாம் காண்பது ஹாமின் கதையை நடித்துக் காட்டும் இன்னொரு ஹாம். ஐக்கிய அமெரிக்காவில் 2015 முதல் கூண்டில் வளரும் சிம்பன்சிகளும் அழிவாபத்துள்ள இனமாகவே சட்டத்தில் கொள்ளப்படுகின்றன. இப்போது கணினியில் வரைந்தே எந்த விலங்கையும் காட்ட முடிகிறது. அங்கும் அச்ச முகத்தையே சிரிப்பாக வரைந்துவிடாமல் இருந்தால் நல்லது.

விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற முறையில், விலங்குகளை அனுப்பியதால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மனித உடல் அங்கே தாங்குமா என்று எவருக்கும் தெரியாத காலம் அது. ஆனால் பயனுள்ளது வேறு, இனிமையானது வேறு. அயலில் இந்தியா மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு விலங்கை நாடாமல், வியோமித்ரா என்ற பெண்ணுருவ இயந்திரத்தை 2020 இல் உலகுக்குக் காட்டியது. அதே இந்தியா, ஆய்வுகூடங்களுக்குத் தன் காடுகளிலிருந்து குரங்குகளை ஏற்றுமதி செய்வதை 1978 இலேயே நிறுத்திவிட்டது. நமது நாட்டிலோ 2023 இல் ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை அமைச்சர் மட்டத்தில் பேசப்பட்டு, எதிர்ப்பும் வழக்கும் வந்த பின்னரே கைவிடப்பட்டது. குரங்குகளால் விளைச்சலை இழக்கும் தென்னந்தோட்டக்காரரின் துயரம் எனக்குத் தெரியாததன்று. ஆனாலும் அந்நாட்களில் வீட்டுக்கு வந்து "அதுகளை என்ன செய்வினம்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு எந்தப் பெரியவரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கமரூனிலிருந்து மியாமிக்குப் போன குட்டியைப் பற்றியும் அக்காலத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பாடசாலைகளின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகள் பாடமாக்கும் பொது அறிவு வினாக்களில், "விண்வெளிக்குச் சென்ற முதல் நாய் எது?" என்பது என் காலத்தில் தவறாமல் இருந்தது, விடை லைக்கா. அதுவும் பிழை. 1951 ஜூலையிலேயே டெசிக், ஸிகான் என்ற இரு நாய்கள் சோவியத் ரொக்கெட் ஒன்றில் நூறு கிலோமீற்றர் அளவு உயரம் போய்ப் பரசூட்டில் உயிரோடு இறங்கின. பூமியைச் சுற்றிவந்த முதல் விலங்கு என்பதே லைக்காவுக்குரிய சரியான பெயர். அரைப் புள்ளிக்காக நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த மூன்று எழுத்தைப் பாடமாக்கினேன். அது எப்படித் திரும்பி வந்தது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. எவரும் கேட்கவில்லை, கேட்க நான் நேரமும் கொடுக்கவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. இத்தகைய படங்களைத் தொடர்ந்தும் பரிந்துரையுங்கள். பரிந்துரைக்கும்போது, அந்தப் படத்தின் பின்னால் உள்ள உண்மையான விலங்கு எங்கே பிறந்தது, எப்படி வந்தது, பிறகு என்ன ஆனது என்று, பிள்ளைகள் வாசிக்கக்கூடிய எழுத்தளவில் பத்து வரி சேர்த்து வெளியிடுங்கள். அச்ச முகம் எது, விளையாட்டு முகம் எது என்று இரு படங்களை அருகருகே போட்டால் இன்னும் நல்லது. தொலைக்காட்சிக்குத் தமிழ் வசனம் எழுதுவோரும், அந்தப் பல்லைக் காட்டும் இடத்தில் "பார், சிரிக்கிறான்" என்ற ஒரு வரியை மட்டுமாவது நீக்கிவிட்டால் நன்று. மூலத்தில் அது இருந்ததா என்பது எனக்குத் தெரியாது, தமிழில் இருந்தது.

என் பேத்தியிடம் நான் பொய்யைத் திருத்திக்கொண்டேன். ஹாம் அன்று பயந்திருந்தது என்று சொன்னபோது அவள் அழவில்லை, சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பிறகு போன இடத்தில அதுக்குக் கூட்டாளிமார் இருந்தவையோ?" என்று கேட்டாள். கடைசி இரண்டு வருடங்கள் இருந்தார்கள் என்றேன். மறுநாள் அதே படத்தை மீண்டும் போடச் சொல்லிப் பார்த்தாள். மூடி திறக்கும் காட்சியில் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டாள்.

தாங்கள் இடம் தந்தால், சிறுவர் பகுதிக்கான முதற் பத்து வரியை நானே எழுதித் தர ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.